அளவுக்கட்டை

…இடது பக்கம் முந்திக்கொள்கிறது, வலது பக்கம் சோம்பேறித்தனம் பண்ணுகிறது, என்ன செய்தாலும் கூரை ஒரு தோளைத் தூக்கிக்கொண்டுதான் எழுந்திருக்கிறது, இதோடு நாலாவது தடவை, தர்மேந்திரன் கூரையை அமுக்கித் தாழிட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார், மூடியிருக்கும்போது என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கிறது, பிக்கப்பின் முதுகில் பெரிய பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்து வைத்த மாதிரி, தாழை எடுத்துவிட்டால் கூரை மட்டும் மூன்றடி மேலே எழும், கூடவே நாலு பக்கமும் கான்வாஸ் சுவர் விரியும், பாதிப் படுக்கையை மடித்தால் உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கலாம், விரித்தால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம், வீடுதான், யாராவது கேட்டால் வீடு என்றுதான் சொல்வார்… காரின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கிற அப்சோபர் நாலும் ஒரே காரிலிருந்து கிடைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை, பழைய இரும்புக் கடையில் அப்படிக் கிடைக்குமா, இரண்டு ஒரு சின்னக் காரில் கழற்றியது, இரண்டு ஒரு வேனில் கழற்றியது, இரண்டும் இரண்டு குணம், கல்யாணம் பண்ணி வைத்த மாதிரி மெல்ல மெல்லத்தான் பழகும். பழகட்டும், ஆனால் மூன்று மணிக்குள் பழக வேண்டும், மூன்று மணிக்குக் குமுதா வந்துவிடுவாள்.

பள்ளிக்கூடக் கேண்டீனில் இன்றுதான் கடைசி நாள், நாளை முதல் விடுமுறை, திங்கட்கிழமை தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் போய் இரண்டு நாள் தங்குவதென்று அவர் முடிவு செய்துவிட்டார், அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. எட்டு மாதமாக ஒரே பதில்தான், பார்க்கலாம்லா. ஜொகூரிலிருக்கும் மகள் ஷாமினி எங்கோ ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் இப்படி வண்டிக்குள் படுத்துத் தூங்கும் வீடியோவை அனுப்பிய அன்றும் அதைத்தான் சொன்னாள், கேமரன் மலையில் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்த ஒற்றைக் கேபின் பிக்கப்பை அவர் வாங்கி வந்து நிறுத்திய அன்றும், மூக்கைப் பொத்திக்கொண்டு, முட்டைக்கோசு நாத்தம் போனப்புறம் பார்க்கலாம்லா என்றாள். பக்கத்து வீட்டுச் சன்னாசி வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு தினம் ஒரு கேள்வி கேட்பான், "மச்சான், கோழி ஏத்தப் போறியா, ஐஸ்கிரீம் விக்கப் போறியா, அத மட்டும் சொல்லிரு." கேட்கட்டும். சுங்கை சிப்புட்டில் லோரிக்கு உடம்பு கட்டும் பட்டறையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்த ஆளிடம் கேட்கிற கேள்வியா இது, எத்தனை லோரிக்குக் கட்டினோம், மரம் ஏற்ற, மணல் ஏற்ற, செம்பனைக் குலை ஏற்ற, ஒன்றிலாவது நாம் ஏறிப் போனதுண்டா, எல்லாம் ஊரான் சுமை… இது ஒன்றுதான் நமக்கென்று கட்டியது. நமக்கென்றுகூட இல்லை, அவளுக்கு.

அதற்கு இந்தக் கட்டையே சாட்சி. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மெராந்தி மரச் சட்டத்தை எடுத்துத் துடைத்தார், ஆறடிக்குக் கொஞ்சம் கூடுதல், பட்டறைப் பழக்கம் அது, ஒவ்வொரு லோரிக்கும் தனியாக ஒரு கட்டை, டேப்பைப் பிடித்து எண்களைத் தாளில் எழுதுவதெல்லாம் கிடையாது, கதவு எங்கே, கொக்கி எங்கே, பலகை எங்கே, எல்லாம் அந்தக் கட்டையிலேயே பென்சில் கோடாக ஏறிவிடும், வேலை முடிகிறவரை அதுதான் பேசும். இந்தக் கட்டையில் கோடு இரண்டு நிறம், குமுதாவை வைத்து எடுத்த அளவெல்லாம் சிவப்பு, தன்னை வைத்து எடுத்ததெல்லாம் நீலம். சிவப்பு அளவுகளை எடுத்த பாடு இருக்கிறதே, அவளுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டுமென்று ஆசை, அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது கேஸ் சிலிண்டரைப் பார்க்கிற சாக்கில் பின்னால் போய் நின்று கட்டையை நட்டு அடுப்பின் உயரத்தைக் கோடு போட்டார், "அடுப்படில எதுக்குங்க கட்டையத் தூக்கிட்டு அலையறீங்க, பல்லி அடிக்கவா?" என்று திரும்பாமலே கேட்டாள், பல்லிதான் என்று சொன்னார், அவள் கரண்டியை உதறியதில் தெறித்த மஞ்சள் கறை இன்னும் கட்டையில் இருக்கிறது. சிரிப்பு வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் இடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறதென்று இப்போதுதானே துல்லியமாகத் தெரிந்துகொண்டேன் என்று நினைத்து, அந்த நினைப்புக்குக் கொஞ்சம் வெட்கப்பட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று சன்னாசி வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டார்.

முப்பத்தொரு வருஷத்தில் எங்கேயாவது சொந்தக்காரர் வீடல்லாத இடத்தில் ஓர் இரவு தங்கியிருக்கிறோமா? யோசித்தார். தெலுக் இந்தானில் சொந்தக்காரப் பெண் தினேஸ்வரி கல்யாணம், இரண்டு நாள், அது வீடு, போய் இறங்கியதும் குமுதா சேலை முனையைச் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனவள்தான், புறப்படும்போதுதான் முகத்தைப் பார்த்தார், அவ்வளவு கெட்டிக்காரி, அவள் கைபட்டால்தான் மிளகாய்ச் சம்பல் சம்பலாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், அவருக்குப் பெருமையாக இருந்தது. பினாங்கில் ஷாமினி பட்டம் வாங்கியபோது ஹோட்டலில் தங்கலாம் என்றார், எதுக்கு வீண் செலவு என்று விடியுமுன்னே எழுந்து புளிச்சோறு கட்டிக்கொண்டாள், பட்டமளிப்பு மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் மங்குத் தட்டில் போட்டுக் கொடுத்தாள், அந்தப் புளிச்சோற்றின் ருசி… தைப்பூசத்துக்கு ஈப்போ கோயிலுக்குப் போனாலும் அன்னதானக் கொட்டகையில் வெங்காயம் நறுக்குகிற கூட்டத்தில்தான் அவளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாவம், கடலைப் பார்த்து எத்தனை வருஷமிருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, தோட்டத்து ஆட்களோடு லோரியில், அப்போது முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், நேரமாகிறது வா என்று அவர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அதைக் கொடுக்க வேண்டும் அவளுக்கு. அப்படி நிற்பதை.

அதனால்தான் இவ்வளவு யோசித்தது, படிக்கட்டு அவள் முட்டிவலிக்கு ஏற்றபடி இரண்டாகப் பிரித்தது, முருகன் படத்துக்கு மூலையில் ஒரு தட்டு, தலை வைக்கிற திசை கூட. அதில்தான் ஒரு வாரம் தூக்கம் போயிற்று, படுக்கையில் தலை முன்பக்கம், கால் பின்பக்கம், வண்டியின் பின்பக்கத்தைக் கடலுக்குக் காட்டி நிறுத்தினால் தலை எந்தத் திசையில் வரும், கைப்பேசியில் திசைகாட்டியை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், வடகிழக்கு. வடக்கே தலை வைக்கக் கூடாது, சரி, வடகிழக்கு வடக்கில் சேர்த்தியா கிழக்கில் சேர்த்தியா? குமுதா வடக்கில்தான் சேர்த்தி என்று சொல்லிவிட்டால் வெளியே பாய் போட்டுப் படுத்துவிடுவாளே. யுகேந்திரன் குருக்களிடம் போன் போட்டுக் கேட்டார், குருக்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வண்டியக் கொஞ்சம் திருப்பி நிறுத்துங்கண்ணே" என்றார். அட, சக்கரம் இருக்கிறதே. வீட்டுக்குச் சக்கரம் இருப்பதை மறந்துவிட்டு ஒரு வாரம் முழித்திருந்தேனே என்று சன்னாசியிடம் சொல்லிவிடாமல் இருப்பதுதான் பெரிய பாடாகப் போயிற்று.

மலைக்குப் பின்னால் இடி உருண்டது, சுண்ணாம்பு மலையின் தலை பாதி மறைந்துவிட்டது, வேன் வந்து நின்ற சத்தமும் கேட்டது. குமுதா கையில் மிச்ச மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தோடு கேட்டைத் திறந்தாள், வேர்வையும் பொரித்த எண்ணெயும் மணக்க, "பசியாறினீங்களா?" என்றாள், அவர் தாழை எடுத்தார், கூரை… நேராக எழுந்தது, இடமும் வலமும் பேசி வைத்தது போல, கான்வாஸ் படபடவென்று விரிந்தது, அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். ஏறு என்றார். படிக்கட்டில் ஏறினாள், முட்டி வலிக்கவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது, முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மெத்தையைத் தடவினாள், ஜன்னல் வலையை விரலால் சுண்டிப் பார்த்தாள், "முட்டக்கோசு நாத்தம் போயிருச்சே" என்றாள், அவர் நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்புறம் அவளைக் கீழே இறக்கிப் பின்பக்கம் கூட்டிப்போய், கடைசியாகக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்ததைக் காட்டினார், கைப்பிடியைப் பிடித்து இழுத்ததும் படுக்கைக்கு அடியிலிருந்து நீளமான டிராயர் வந்தது, இரண்டு அடுப்பு, கழுவ ஒரு தொட்டி, மசாலா டப்பாக்களுக்கு ஆறு குழி, கரண்டி மாட்டக் கொக்கி. அவள் எதிரே போய் நின்றாள். அடுப்பு மிகச் சரியாக அவள் இடுப்புக்கு வந்தது. "அளவெடுத்தாப்ல இருக்கே" என்றாள், அந்தப் பல்லிக்கட்டை ஞாபகம் வந்து சிரித்தாள்.

"போலாமா?" என்று கேட்டார். "போலாம்லா" என்றாள். எட்டு மாதம் காத்திருந்த வார்த்தை, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. அவள் அடுப்புத் திருகைத் திருகிப் பார்த்தபடி தனக்குத்தானே சொல்வதுபோல, சின்னப் பானை ஒண்ணு, தோசைக்கல்லு, தேங்காய் ரெண்டு, சம்பலுக்கு இங்கயே அரைச்சு எடுத்துக்கலாம், நெத்திலி வறுத்துக்கலாம் என்று அடுக்கிக்கொண்டு போனாள், ஒரு கை இடுப்பின் பின்புறத்தை அமுக்கிக்கொண்டிருந்தது, அந்தக் குரல்… எங்கே கேட்ட குரல் இது, ஆமாம், கேண்டீன் நடத்துகிற அம்மாவோடு போனில் பேசும் குரல், சரிங்கம்மா, எத்தன பேருக்குங்கம்மா. சட்டென்று நிமிர்ந்து, "கடல் எந்தப் பக்கம்ங்க இருக்கும்?" என்று கேட்டாள். அவர் யோசிக்காமல் சொன்னார், "ஒனக்குப் பின்னால."

"ஓ" என்றாள். திரும்பிப் பார்த்தாள், அங்கே சன்னாசி வீட்டு வேலியும் அவர் போட்டு வைத்திருந்த ஒற்றை மடக்கு நாற்காலியும் இருந்தன. "நல்லா இருக்குங்க, ரொம்பப் பாடுபட்டிருக்கீங்க" என்று மனசாரத்தான் சொன்னாள், மீ பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, குளிச்சிட்டு வாரேன் என்று உள்ளே போனாள். அவர் அப்படியே நின்றார். பிறகு கட்டையை எடுத்தார், எதற்கென்று தெரியாமல். கீழேயிருந்து மேலே, சிவப்பு, படிக்கட்டு, சிவப்பு, தொட்டி, சிவப்பு, அடுப்பு, சிவப்பு, மசாலா, சிவப்பு, கொக்கி. நீலம், நாற்காலி, நீலம், படுக்கை, நீலம், விசிறி. கட்டை பொய் சொல்லவில்லை, இது எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, காதில் விழவில்லை… இதற்குள் அவளுக்கென்று உட்கார ஒரு கோடு எங்கே? அடுப்படியைத்தான் கடற்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறேனா? அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, போலாம் என்றல்லவா சொல்லிவிட்டாள்.

அடுப்பின் முன்னால் போய் நின்று பார்த்தார். தன் உயரத்துக்கு மிகவும் தாழ்வு, கரண்டி பிடிக்கிற மாதிரி கையை வைத்தால் முதுகு வளைகிறது, பத்து நிமிஷம் நின்றால் அவ்வளவுதான். அடியில் நாலங்குலச் சட்டம் அடித்து உயர்த்தினால் சரியாக வரும், நேரமிருக்கிறது, திங்கட்கிழமைதானே, காதிலிருந்த நீலப் பென்சிலை எடுத்து, சிவப்புக் கோட்டுக்கு மேலே நாலங்குலம் தள்ளிப் புதிதாக ஒரு கோடு போட்டார். மழையின் முதல் துளிகள் கூரைத் தகரத்தில் விழுந்தன. கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு இன்னொன்று தோன்றியது, மெல்ல நடந்து குளியலறை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார், உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"குமுதா, ஒரு கப் அரிசிக்குத் தண்ணி எவ்வளவு ஊத்துவ?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவர் கையில் கட்டையோடு நனைந்துகொண்டு காத்திருந்தார்.