வீட்டுக்கு ஒரு கோப்பை

“இந்த வருஷமே வீட்டுக்கு வந்துடறியாம்மா?”

பஸ்ஸை விட்டு இறங்கி, தோள் பையைக்கூடக் கீழே வைக்காமல் இதைத்தான் முதலில் கேட்டேன். குத்தைசி விமான நிலையத்தில் என்னை வழியனுப்ப வந்த சியூரி சித்தி, “அவகிட்ட எதை வேணா கேளு, எப்ப வர்றேன்னு மட்டும் கேட்டுடாதே” என்று விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். பதினொரு வருஷமாக எங்கள் குடும்பத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அப்பா சாகும்வரை கேட்கவில்லை. கேட்காமலிருப்பதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அம்மா என்னை இறுக்கி அணைத்து, தலையைத் தடவிப் பார்த்து, “முடி ஏன்டி இப்படிக் கொட்டிப்போச்சு?” என்றாள். கேள்விக்குக் கிடைத்த பதில் அதுதான்.

அம்மாவின் பெயர் நாஸிப்ரோலா. ஜார்ஜியாவில், காக்கேத்தியின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவள். எனக்குப் பதிமூன்று வயதானபோது வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இத்தாலி போனாள். இப்போது இந்த மோன்தல்சீனோவில், ஒர்நெல்லா என்ற தொண்ணூற்றொரு வயதுக்காரியின் வீட்டோடு இருக்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி எழுந்து எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பட்டமளிப்பு விழாவை அம்மா போனில் பார்த்தாள். பாதியில் ஒர்நெல்லா கூப்பிட்டுவிட்டாள். அப்புறம் என் போனில் தெரிந்ததெல்லாம் அந்த வீட்டு அடுக்களையின் கூரைதான்.

நன்றி சொல்வதற்காக நான் இவ்வளவு தூரம் வரவில்லை. தலைநகர் திப்லிசியில் ஓர் ஒயின் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது; அம்மாவுக்குப் போனிலேயே சொல்லியாயிற்று. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் வீட்டைப் பூட்ட வேண்டும். கொடிகளும், மண்ணில் புதைத்த ஒயின் தாழிகளும் கேட்பாரற்றுப் போகும். அம்மா திரும்பி வர ஒரு வீடு இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் அங்கே விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிறாள் என்றால் இருப்பேன். இல்லையென்றால் இருக்கமாட்டேன். இன்று ஞாயிறு, ஆறு மணி வரை அவளுக்கு விடுமுறை.

“முதல்ல ஊரைப் பாக்கலாம் வாடி அம்மா. அவசரமா ஓடறதுக்கா வந்தே?”

ஊரே ஒரு ஏற்றம்தான். சந்துக்குச் சந்து பாட்டில் அடுக்கிய கண்ணாடி ஜன்னல்கள், வாசற்படிகளில் பூனைகள். அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோட்டத்துச் சொந்தக்காரி மாதிரி மெதுவாக நடந்தாள். அவள் மெதுவாக நடந்து நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரில் அவள் எப்போதும் ஏதாவதொரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். இங்கே மருந்துக்கடைக்காரர், நாயோடு வந்த கிழவர், சர்ச் வாசலில் நின்ற இரண்டு பெண்கள் என்று எல்லோரும் “நாஸி! நாஸி!” என்றார்கள். எல்லோரிடமும் நின்று பேசினாள், சிரித்தாள். நான் பக்கத்தில் பை மாதிரி நின்றேன்.

கைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“இது ஏது?”

“ஒர்நெல்லாவோட மருமக குடுத்தா. நல்லாருக்கா?”

“சினிமாக்காரி மாதிரி இருக்கே.”

“உன் படிப்பு மட்டும் எனக்கு இருந்திருந்தா அதுவும் ஆகியிருப்பேன், போடி.”

கோட்டைச் சுவருக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சைக் கொடிகள். அறுவடை முடிந்து இலைகள் சிவந்திருந்தன.

“நம்ம ஊர் மாதிரியே இருக்குல்ல?” என்றாள்.

“இல்ல. நம்ம ஊர்ல நீ இல்ல.”

காதில் விழாதவள் போல என்னைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தாள். அந்தப் பக்கமாக வந்த ஒருவர் நின்று அவளிடம் ஏதோ சொன்னார். இவள் ஏதோ சொல்ல, அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

“என்ன சொன்னாரு?”

“நாம ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா அவரே எடுத்துத் தரேன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“வேணாம், என் பொண்ணு முகத்தைத் தூக்கி வச்சுட்டிருக்கான்னு சொன்னேன்.”

மதியச் சாப்பாட்டுக்கு ரெமோ என்பவரின் கடைக்குக் கூட்டிப்போனாள். ரெமோ தொப்பையும் ஏப்ரனுமாக வந்தார். என் முகம் நுழையும் அளவுக்குப் பெரிய கோப்பையில் ஒரு விரற்கடை ஒயின் ஊற்றினார்.

“கண்ணுல விடற மருந்தா இது?” என்றேன்.

அம்மா மொழிபெயர்த்தாள். ரெமோ மேசையைத் தட்டிச் சிரித்தார். அவர் சொன்னதையும் அவளே சொன்னாள்: “ஜாடை மட்டுமில்ல, வாயும் உன்னுதுதான் நாஸி. முதல் நாள் நீயும் இதையேதான் கேட்டே, ஞாபகம் இருக்கா?” பாட்டிலையே வைத்துவிட்டுப் போனார்.

ஆட்டுப்பால் சீஸும் ரொட்டியும் வந்தன. ரொட்டியைக் கடித்தேன்.

“உப்பே இல்ல.”

“இங்க அப்படித்தான். எனக்கு இப்ப இதான் பிடிக்குது. போன தடவை வந்தப்போ நம்ம ரொட்டியை வாயில வைக்க முடியல, அப்படிக் கரிச்சுது.”

அந்தப் போன தடவை நான்கு வருஷத்துக்கு முன்பு. தங்கும் உரிமை அட்டை கிடைத்ததும் ஒன்பது நாள் வந்திருந்தாள். ஒன்பது நாளும் ரொட்டி கரித்திருக்கிறது. சொல்லவே இல்லை.

எங்கள் ஊரில் வாழ்த்துச் சொல்லாமல் யாரும் ஒரு மடக்குக் குடிப்பதில்லை. இரண்டே பேர் இருந்தாலும் அப்படித்தான். அம்மா முதலில் கடவுளுக்குச் சொன்னாள். அடுத்தது என் பட்டத்துக்கு. அதற்கு எழுந்தே நின்றாள். என்ன என்று தெரியாமலே ரெமோ அங்கிருந்து கை தட்டினார். நானும் எழுந்து நின்றுவிட்டேன். எனக்கு என்மீதே எரிச்சல் வந்தது.

“இது நம்ம வீட்டுக்கு” என்று மூன்றாவதைத் தூக்கினாள். இடது கை தானாகவே ஒரு துண்டு ரொட்டி பிய்த்தது. கோப்பையைச் சாய்த்து அதன்மேல் நாலு சொட்டு விட்டாள். வெள்ளை ரொட்டியில் சிவப்பு ஊறியது.

செத்தவர்களுக்குக் குடிக்கும்போதுதான் எங்களில் அப்படி ஊற்றுவார்கள். அப்பாவின் நாற்பதாம் நாளன்று அத்தனை பேரும் ஊற்றினார்கள். வேறு எதற்கும் ஊற்றமாட்டார்கள்.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள். ரொட்டித் துண்டைத் துணியால் மூடினாள்.

“பழக்கம்டி. ஞாயித்துக்கிழமை இங்க வேலை பாக்கற நம்ம ஊர்ப் பொம்பளைங்கல்லாம் பார்க்குல சேருவோம். வீட்டுக்குன்னு சொல்றப்போ எல்லாரும் அழ ஆரம்பிச்சிடுவாளுங்க. ஒரு நாள் அதுல லமாரான்னு ஒருத்தி ரொட்டியில ஊத்திட்டு, முடிஞ்சுதுடி, அடக்கம் பண்ணியாச்சு, சாப்பிடுங்கன்னா. சிரிச்சுட்டோம். அதுலேர்ந்து அப்படித்தான்.”

“எத்தனை வருஷமா?”

“அது ஆச்சு... ஆறு, ஏழு.”

“அப்ப நானும் அதுக்குள்ளதான் இருந்தேனா?”

“ஐயோ, நீ ஏன்டி? நீதான் தினமும் போன்ல வர்றியே.”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

“காலைல ஒண்ணு கேட்டேன்” என்றேன்.

கறுப்புக் கண்ணாடியை மேசைமேல் இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். “வந்து என்ன பண்ணுவேன், நூத்ஸா? ஒர்நெல்லா தூக்கத்துல திரும்பினாலே எனக்கு முழிச்சுக்கும். அங்க வந்த ஒன்பது நாள்ல நீ ஒரு ராத்திரி ஜுரத்துல முனகியிருக்கே, காலைல சியூரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து அறையிலதான் படுத்திருந்தேன்.”

ரெமோ வந்து இன்னும் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். அம்மா வேண்டாமென்று தலையாட்டினாள். கண் ஈரமாக இருந்தது, ஆனால் அழவில்லை. அழுது முடித்து ஏழு வருஷமாகிவிட்டது அவளுக்கு. இனிமேல்தான் எனக்கு.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

“எங்கடி? ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு. மேல இன்னொரு சர்ச் இருக்கு, பாத்துட்டு...”

“அந்த வேலைல சேர்றேம்மா. வீட்டைப் பூட்டிடறேன்.”

அவள் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பூட்டாதே என்பாளென்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கி, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தேன்.