‘இல்லை’ என்று எழுதும் வழக்கம்

கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றொரு எந்திரம் உண்டு. தண்ணீரில் கலந்த பொருளை அதன் நிறையை வைத்தே பிடித்துவிடும். எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்துக் குடிநீர்க் கிணற்றில் களைக்கொல்லி இருப்பதை அது தெளிவாகவே காட்டியது. ஆனால் எவ்வளவு என்று கணக்காகச் சொல்ல முடியவில்லை. அப்படி வந்தால் "இல்லை" என்று எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். நாசமாய்ப் போன வழக்கம்.

அந்தக் கிணற்று மோட்டாரைப் போடுகிறவர் பஞ்சாயத்து ஊழியர் லிங்கராஜ். அவர் மனைவி மாரிச்செல்வி மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அறிக்கை வரும்வரை மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"இருக்குன்னு மிசினே சொல்லுது. பொறவு எப்படிக்கா இல்லைன்னு எழுதுதிய?" என்று கேட்டார் லிங்கராஜ்.

நான் முதலாளியிடம் போய் நின்றேன். இந்த எந்திரச் சொற்களுக்கெல்லாம் தமிழில் வரையறை வகுக்க ஒரு குழு இருந்தது. நானும் அதில் உறுப்பினர்.

"இருக்கு, ஆனா அளக்க முடியலங்கிறதுக்குக் குழுவுல ஒரு வரையறை முடிவு பண்ணுங்க சுஜா. மாத்தி எழுதி நானே கையெழுத்துப் போடுதேன்" என்றார் முதலாளி.

குழு கூடியது. எந்திரத்தின் பெயர் ‘மானி’யா ‘அளவி’யா என்று மதியம் வரை மல்லுக்கட்டு. அப்புறம் பொன்னாடை. ஒருவருக்குப் போர்த்தி இன்னொருவரை விட்டுவிட்டால் ஜென்மப் பகையாகிவிடும். ஆகவே ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு புகழுரை, ஒரு போட்டோ.

"ஐயா, நாளைக்கு அந்தக் கிணத்துக்கு அறிக்கை போயாகணும். 'இருக்கு, அளக்க முடியல'ன்னு நான் எழுதிக் கொண்டுவந்த வரையறைய மட்டும் இப்பவே எடுத்துக்கோங்க" என்று எழுந்தேன்.

"பொறுங்கம்மா, ராமசுப்பு சாருக்கு இன்னும் போர்த்தல" என்றார் தலைவர் கண்ணபிரான்.

சாப்பாடு முடிந்ததும் பாதிப் பேருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மீதிச் சொற்கள் அடுத்த அமர்வுக்கு என்றார் தலைவர். எப்போது என்று கேட்டேன். நிதி வந்ததும் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரே ஒரு வரி சார்! மானியும் அளவியுமா அந்தத் தண்ணியக் குடிக்கப் போகுது?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. அறிவியலுக்கு நிதானம் முக்கியம்."

எல்லோரும் கைதட்டிவிட்டு எழுந்தார்கள். தூ!

மறுநாள் "இல்லை" என்ற அறிக்கைதான் போனது. சாயங்காலம் லிங்கராஜ் போன் செய்தார்.

"அக்கா, மோட்டாரப் போடச் சொல்லிட்டாவ."

"போட்டுட்டீங்களா?"

"போடலேன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாவ. போட்டுட்டேன்."

போனில் அவருக்குப் பின்னால் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது. குடங்கள் இடிபடும் சத்தமும் கேட்டது.

"மாரிய அவ அம்மா ஊருக்கு அனுப்பிட்டேன்க்கா. இங்கன வரிசையில இன்னொரு மாசமான புள்ள நிக்கா. அவகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"