கற்பூரமும் வண்டி மையும்

சந்தைக்கு முந்தின நாள் காலை. குழந்தைவேல் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மை அவன் முழங்கை வரை ஏறியிருந்தது. மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குக் கடலை மூட்டை ஏற்றுவது அவன் பிழைப்பு. கடலை விலை விழுந்ததிலிருந்து மூட்டை குறைந்துபோனது. இருந்த மூட்டையையும் லாரி தூக்கிக்கொண்டு போனது. மாட்டுக்குத் தவிடு வாங்கினால் வீட்டுக்குக் கம்பு இல்லை என்கிற காலம்.

வாசலில் தீர்த்தகிரி வந்து நின்றார். ராசிபுரத்து வட்டிக்கடை முதலாளிக்கு வசூல் செய்கிறவர். ஜோடியில் ஒரு மாடு செத்துப்போனபோது குழந்தைவேல் அந்தக் கடையில் ஐம்பது ரூபாய் வாங்கிப் புரோநோட்டில் கைநாட்டு வைத்திருந்தான். வாங்கினதோடு சரி, ஒரு தம்பிடி கட்ட முடியவில்லை. தீர்த்தகிரி எப்போது வந்தாலும் தெருவே கேட்கும்படி ஏசிவிட்டுப் போவார். அன்றைக்கு என்னவோ மாட்டைத் தடவிக்கொடுத்தார்.

"மாடு நல்லாத் தேறியிருக்குதே குழந்தைவேலு!"

"எல்லாம் உங்க முதலாளி காசுதானுங்க. ஒண்ணுமே கட்ட முடியலீங்க."

"அதத்தான் முதலாளியும் சொன்னாரு. உன்ன நசுக்கி என்னத்த ஆவப்போவுது? பதினஞ்சு ரூவா குடு. மிச்சம் அசலு, வட்டி எல்லாத்தையும் தள்ளிரலாம். உன் கணக்குத் தீந்துது."

குழந்தைவேலுக்குக் காதில் விழுந்தது நம்பும்படி இல்லை. கம்பு புடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி மாரக்காள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்ணா, காசு குடுத்தா அந்தத் தாளக் கையில குடுத்துருவீங்களா?"

"தாள் முதலாளி கணக்குல அடிபடோணும் அம்மிணி. அடிச்சதும் குடுத்து உடறேன். நம்பிக்கை இல்லீன்னா மாரியாத்தா கோயிலுக்கு வாங்க. கற்பூரம் அணைச்சுத் தாரேன்."

அதற்குமேல் பேச்சில்லை. எரிகிற கற்பூரத்தை ஒருவன் வெறுங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அந்தப் பக்கத்தில் அதுதான் தீர்ப்பு. வரப்புச் சண்டையும் திருட்டுப் புகாரும் அப்படித்தான் தீர்ந்தன. அதற்குப் பிறகும் ஒன்று கேட்டால் ஆத்தாளையே நம்பவில்லை என்று அர்த்தம்.

மாரக்காள் தன் கால் தண்டையைக் கழற்றி விற்றுப் பதினைந்து ரூபாய் கொண்டுவந்தாள். புருசன் மடியில் அதை முடிந்துவிடும்போது சொன்னாள்: "சத்தியத்தயும் வாங்குங்க, தாளயும் வாங்குங்க."

"வாய மூடு புள்ள. ஆத்தா முன்னால நின்னு தாளக் கேக்கச் சொல்றயா? நாக்கு அழுகிப்போயிரும்."

குழந்தைவேல் சக்கரத்தை மாட்டி வண்டியைக் கோயிலுக்கு ஓட்டினான். உச்சி வெயிலில் கோயில் நடை சாத்தியிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை. தீர்த்தகிரி கல்லின்மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். "இந்தக் கடனுக்காக இனி நான் குழந்தைவேலு வாசல மிதிக்க மாட்டேன். மிதிச்சா ஆத்தா கேக்கட்டும்" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பிறகு பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, மடியிலிருந்து புரோநோட்டை எடுத்து அதன் பின்பக்கம் ஏதோ எழுதினார்.

"வரவு எழுதியிருக்கேன், ஒரு கைநாட்டு வை. மை கொண்டார மறந்துட்டேன். உன் வண்டி மையே போதும்."

வண்டிக்கடியில் தொங்கிய மூங்கில் மைக் குழாயில் விரலை விட்டு எடுத்து, குழந்தைவேல் நாட்டு வைத்தான். திரும்பும்போது மாட்டின்மேல் சாட்டையை வைக்கவில்லை.

நாலு மாதம் கழித்து நாமக்கல் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. வழக்குப் போட்டிருந்தவர் முதலாளி. பதினைந்து போக மிச்ச அசலும் வட்டியும் செலவும் வேண்டுமாம். குழந்தைவேல் பிடித்த வக்கீல் நோட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கணக்குத் தீந்துதுன்னு இதுல ஒரு எழுத்து இல்லப்பா. வட்டியில வரவு பதினஞ்சுன்னுதான் இருக்கு. நோட்டுக்கு உயிர் மூணு வருசந்தான். அது சாக ஒரு வாரம் இருக்கறப்ப வந்திருக்கான். அந்த ஒரு வாரத்துல வழக்குப் போடாட்டி நோட்டு வெறுங் காகிதம். நீ காசும் குடுத்து, கைநாட்டும் வச்சு, இன்னும் மூணு வருசம் உயிர் குடுத்துட்டே."

கூண்டில் நின்று குழந்தைவேல் நடந்ததை நடந்தபடி சொன்னான். முன்சீபு பொறுமையாகக் கேட்டார்.

"கணக்குத் தீந்ததுன்னு அவர் சத்தியம் பண்ணதைப் பாத்தவங்க யாரு?"

"மாரியாத்தா பாத்தாளுங்க."

கோர்ட்டே சிரித்தது. முன்சீபு சிரிக்கவில்லை. "அவங்களுக்கு நான் சம்மன் அனுப்ப முடியாதேப்பா" என்றார்.

தீர்ப்பான பிறகு கோர்ட்டு அமீனா சேவகனோடு வந்து மாட்டையும் வண்டியையும் ஜப்தி செய்தார். தீர்த்தகிரியும் கூட வந்திருந்தார். ஆனால் எதிர்ச் சாரியில் புளிய மரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

"கற்பூரம் அணைச்சீங்களேங்க!" என்று குழந்தைவேல் கத்தினான்.

"அணைச்சேன். உன் வாசல மிதிச்சனா, பாத்துக்க. வழக்குப் போட்டது முதலாளி. அவரு சத்தியம் பண்ணலியே!"

மாரக்காள் மாட்டின் கழுத்து மணியை மட்டும் அவிழ்த்தாள். "இது ஜப்தியில சேராதுங்களே?" என்று கேட்டாள். அமீனா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

குழந்தைவேல் சந்தைக்கு மூட்டை தூக்கப் போனான். வண்டி ஓட்டின முதுகு மூட்டைக்கு வளைய மாட்டேன் என்றது. வளையாமல் எங்கே போகும்? ஒருநாள் மத்தியானம் மூட்டையோடு கோயில் பக்கம் வந்தபோது, அதே கடையில் கடன்பட்டிருந்த வண்டிக்காரச் சின்னான் நடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் தீர்த்தகிரி. கல்லின்மேல் கற்பூரம்.

குழந்தைவேல் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான்.

"சின்னா, தாளக் கேளு! அவங்க தாராளமாத் தள்ளிக் குடுக்க வந்தா, எதுக்கு இன்னிக்கு வந்தாங்கன்னு கேளு. என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சவனக் கூப்புட்டுப் படிக்கச் சொல்லு. தாளக் கிழிச்சுக் கையில குடுத்தாத்தான் காசு குடு!"

"மாடு போன கோவத்துல ஒளர்றான்" என்று தீர்த்தகிரி சிரித்தார். "ஆத்தா சன்னிதின்னுகூடப் பாக்காம."

சின்னான் குழந்தைவேலைப் பார்த்தான். கோயிலைப் பார்த்தான். "சாமி முன்னால அப்படிக் கேக்கலாமுங்களாண்ணா?" என்றான் மெதுவாக. கற்பூரம் அணைந்தது. பணம் கை மாறியது. சின்னான் தன் வண்டிக்கடியில் தொங்கிய குழாயில் விரலை விட்டு எடுத்து, நாட்டு வைத்தான். தீர்த்தகிரி தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

சின்னான் வேப்ப மரத்தில் விரலைத் துடைத்தான். மை போகவில்லை. மூட்டையைத் தூக்கிவிட அவன்தான் கை கொடுத்தான்.

"எல்லாந் தீந்துதில்லீங்ளாண்ணா?"

குழந்தைவேல் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டான்.

"தீந்திருந்தா, தாள் உன் கையில இருந்திருக்கும் சின்னா."