பின்னாடி வரும் சத்தம்

இனிமேல் அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று காசியம்மாள் சொல்லிவிட்டாள். சொன்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவளாகவே திரும்பிப் படுத்தது அதுதான் முதல்முறை என்பதை அவள் கணவர் இராமலிங்கம் கவனித்தார். ஆனால் அதற்காக மகிழ அது நேரமில்லை.

கீழ்பென்னாத்தூருக்கு வெளியே, தங்கள் வேர்க்கடலைக் கொல்லையின் வரப்பில் வழுக்கி விழுந்தவள் அவள். அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி அவள் நடப்பதும் நடக்காமற்போவதும் பயிற்சியைப் பொறுத்தது என்று மருத்துவர் கைகழுவிக்கொண்டார். வேங்கிக்காலில் இயன்முறைப் பயிற்சி நிலையம் நடத்தும் கீதாஞ்சலி இன்னும் வெளிப்படையாகப் பேசினாள்.

"இப்போ விட்டீங்கனா சதை இறுகிடும், ஐயா. அப்புறம் அம்மாவை நீங்க தூக்கி உக்கார வெச்சாத்தான் உண்டு."

பயிற்சிக்குப் போகவேண்டும், போவதற்கு அந்தக் காரை விட்டால் வேறு வழியில்லை. சென்னையிலிருக்கும் மகன் இளவரசன், "அந்த ஓட்டைக் காரைத் தள்ளிட்டு வாடகைக் கார் புடிங்கப்பா" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டேயிருந்தான். அதையும் பார்த்தாயிற்று. புதிய கார்களின் இருக்கைகள் குழிவானவை. படுத்தால் இடுப்பு குழிக்குள் இறங்கிக்கொள்கிறது. ஆம்புலன்சுக்கோ அவள் ஒப்பவில்லை. "ஊரே கூடிடும், நான் செத்துட்டேன்னு" என்றாள். இராமலிங்கத்தின் பழைய காரில்தான் பின்னிருக்கை ஒரே மட்டமாக, சிறு கட்டிலைப்போல் அகன்றிருந்தது.

குறை ஒன்றே ஒன்று. வேகத்தடையிலோ பள்ளத்திலோ ஏறி இறங்கினால் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். அத்துடன் காசியம்மாளின் வாயிலிருந்து ஒரு முனகல் வரும்.

"சத்தம் பின்னாடி வருதுங்க. அப்போதான் உயிர் போவுது" என்று அவள் முதல்நாளே சொன்னாள். அவர் அந்தச் சொல்லை அப்படியே சுமந்துகொண்டு போய் மெக்கானிக் மாறனிடம் இறக்கினார்.

மாறனின் கொட்டகை செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, வெளிநாட்டினர் தேநீருக்குக் காத்திருக்கும் ஒரு கடைக்கு அருகில் இருந்தது. மாறன் வேலை தெரிந்தவன். அது தனக்குத் தெரியும் என்பதை மறைக்கத் தெரியாதவன். காரின் பின்மூலையை இரண்டு கைகளாலும் அழுத்திவிட்டான். அது தொட்டில்போல் ஆடி ஆடி நின்றது.

"பாத்தீங்களா? ஒரு தபா அமுக்குனா ஒரு தபா எழும்பி நிக்கணும். இது தாலாட்டு பாடுது. ஷாக் அப்சர்பர் செத்துப்போச்சுணா."

இரண்டு ஷாக் அப்சர்பர்களையும் மாற்றினான். இப்போது அழுத்தினால் கார் ஒருமுறை எழும்பிக் கம்பீரமாக நின்றது. இராமலிங்கமும் கம்பீரமாக வீட்டுக்கு ஓட்டிவந்தார். மறுநாள் பயிற்சிக்குப் போகும் வழியில் முதல் வேகத்தடையிலேயே காசியம்மாள் கத்திவிட்டாள்.

"முன்னைக்கு இப்போ ஜாஸ்தியா இருக்குதுங்க."

"புதுசு போட்டா ஜாஸ்தியா ஆவும்? இன்னாமே பேசற? மனசுல பயத்தை வெச்சுக்கினு பேசாத" என்றார் இராமலிங்கம். பேசிய பிறகு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முந்தானையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் மாறனிடம் போனார். "பின்னாடிதான்பா சத்தம்" என்று மறுபடியும் சொன்னார். மாறன் காரின் அடியில் புகுந்து, சக்கர அச்சைத் தாங்கும் வில்பட்டைகளைச் சுரண்டிப் பார்த்தான்; பட்டைகள் வந்து முட்டும் ரப்பர் கட்டைகளைப் புதிதாகப் போட்டான்; தனியாக ஆசிரமத் தெரு வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். ஆளில்லாத பின்னிருக்கை ஒரு சத்தமும் எழுப்பவில்லை.

"வண்டில ஒண்ணுமில்லைணா. ரோடு அப்படி இருக்குது. ரோட்டுக்கு நான் ஷாக் மாட்ட முடியாது."

அடுத்த பயணத்தில் அந்த 'டொக்' மீண்டும் கேட்டது. அன்று மாலைதான் காசியம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

இரண்டு பயிற்சிகள் தவறிப்போயின. கீதாஞ்சலி தொலைபேசியில் அழைத்தபோது இராமலிங்கம் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? மறுநாள் காலை அவர் காரை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையின் வாசலிலேயே நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மாறன் ஸ்பேனரைத் துடைத்தபடி வந்து குனிந்து பார்த்தான்.

"இன்னாணா, மறுபடியுமா?"

"அவ படுத்துட்டா, மாறா. இப்படியே உட்டா எழுந்திரிக்க மாட்டா."

மாறன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். "வீட்டுக்கு உடுங்க. சத்தம் யாருக்குக் கேக்குதோ அவங்களை வெச்சுக்கினு நானே ஓட்டிப் பாக்கறேன். இது தெரியாம எனக்கும் சோறு இறங்காது."

காசியம்மாளைச் சம்மதிக்கவைப்பது எளிதாக இல்லை. மாறன் வாசற்படியில் குந்தியபடி, "கடைசியா ஒரு தபா, பெரிம்மா" என்று கெஞ்சினான். அவள் ஒரு நிபந்தனை விதித்தாள்.

"மலையைச் சுத்தி ஓட்டுறதுனா வரேன். விழுந்ததுல இருந்து ஒரு பௌர்ணமிகூடப் போவல. வலிச்சாலும் அதுக்காவ வலிச்சதா இருக்கட்டும்."

கிரிவலப் பாதையில் வேகத்தடைகளுக்குப் பஞ்சமில்லை. மாறன் உடனே ஒப்புக்கொண்டான்.

வலப்பக்கக் கதவோரம் தலையும் இடப்பக்கக் கதவோரம் காலுமாக அவளைப் படுக்கவைத்தார்கள். மாறன் ஓட்டினான், இராமலிங்கம் அவனருகில் அமர்ந்தார். ஊருக்குள் நுழையுமுன், நெரிசலைத் தவிர்க்க எண்ணிய மாறன், கிரிவலப் பாதை முடியும் ஈசானிய லிங்கத்தின் பக்கமாகவே காரைத் திருப்பினான். சிறிது தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்பா, என் கால்மாட்டு ஜன்னல்ல மலை தெரியுதே?"

"நல்லாத் தெரியுதா, பெரிம்மா?"

"தெரியக்கூடாது. மலை வலது கைப்பக்கம் இருந்தாத்தான் அது வலம். இது இன்னா, இடமா? திருப்பு வண்டிய."

"வலப்பக்கம் வந்தா உங்க தலைக்குப் பின்னால போயிடும். படுத்துக்கினு உங்களுக்கு மலையே தெரியாதே."

"எனக்குத் தெரியலைனா போவுது. அதுக்கு என்னைத் தெரியும்."

மாறன் வண்டியைத் திருப்பினான். கோயிலை ஒட்டி வந்து, செங்கம் சாலையைப் பிடித்து, தன் கொட்டகையையே கடந்து, கிரிவலப் பாதைக்குள் வலப்புறமாக நுழைந்தான். முதல் வேகத்தடை வந்தது. சக்கரம் ஏறியது, இறங்கியது, 'டொக்'.

"கேட்டுச்சா?" என்றார் இராமலிங்கம்.

"கேட்டுச்சு. எங்கிருந்து, பெரிம்மா?"

"பின்னாடிதான்பா" என்றார் இராமலிங்கம்.

அடுத்த தடை. மறுபடியும் அதே சத்தம். "வண்டி கீழ விழும்போதா வலிக்குது?" என்று மாறன் கேட்டான்.

"விழும்போதுதான். பின்னாடி, சரியா அவ இடுப்புக்குக் கீழே" என்றார் இராமலிங்கம்.

"ஏங்க, படுத்திருக்கறது நீங்களா நானா?"

குரல் ஓங்கவில்லை. ஆனால் மாறன் காரை நிருதி லிங்கத்தின் எதிரே, ஓரமாக, ஒரு புளியமரத்தின் கீழ் நிறுத்திவிட்டான்.

"விழும்போது வலியே இல்ல" என்றாள் காசியம்மாள். "வண்டி எறங்குது, மெத்துனு இருக்குது. அப்புறம் என்னை மேல தூக்குது பாரு, அதுக்குப் பின்னாடிதான் 'டொக்'னு அடிக்குது. மொத நாள்ல இருந்து இதைத்தான் சொல்றேன், பின்னாடி பின்னாடினு."

இராமலிங்கம் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "நீ வண்டிக்குப் பின்பக்கம்னு சொல்லலியா?"

"நானே பின்பக்கந்தானே படுத்துக்கினு வரேன். அதை வேற தனியா சொல்லுவேனா?"

'பின்னாடி' என்பது பேச்சு வழக்கு. எழுத்தில் 'பின்னால்' என்போம். எப்படி எழுதினாலும் அச்சொல் இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். எதைக் குறிக்கிறது என்பதைச் சொன்னவரைக் கேட்டால்தான் தெரியும். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு இத்தனை நாளாக எவருக்கும் நா எழவில்லை. கணவர் ஒரு பொருள் கொண்டார். மெக்கானிக் அதை நம்பிக் காரின் அடியில் புகுந்தான். மகனோ காரையே விற்கச் சொன்னான். சொல்லுக்கு உரியவள் மட்டும் முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஒரு சொல்லை அரைகுறையாகக் கேட்பதும், கேட்டதை முழுதாகக் கேட்டதாக எண்ணிக்கொண்டு திரிவதும் சிறு பிழைகள் அல்ல. மனிதர்கள் அப்பிழைகளால் படுக்கையில் விழுகிறார்கள்.

மாறன் இறங்கிப் போய்க் காரின் பின்புறம் தரையில் மல்லாந்து படுத்தான். "அண்ணா, வந்து மூலையைப் புடிச்சு நல்லா அமுக்குங்க. நான் சொல்றப்போ உடுங்க. பெரிம்மா, வலி வர்றப்போ ஒரு வார்த்தை சொல்லுங்க."

இராமலிங்கம் தம் உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினார். கார் அமுங்கியது. உள்ளிருந்து சத்தமில்லை.

"உடுங்க."

கைகளை எடுத்தார். கார் எழும்பியது.

"இப்போ" என்றாள் காசியம்மாள். அதே நொடியில் அடியிலிருந்து 'டொக்' என்றது.

வழியில் போன ஒரு சாமியார் நின்று பார்த்துவிட்டு, தமக்குத் தெரியாத ஏதோ வழிபாடு என்று எண்ணியவர்போல் கும்பிட்டுவிட்டுப் போனார். மாறன் முதுகெல்லாம் புழுதியோடு எழுந்து வந்தான். முகத்தில் வெட்கமும் உற்சாகமும் கலந்திருந்தன.

"விழும்போது சத்தம் வந்தா அமுங்குற சாமானைப் பாக்கணும். எழும்பும்போது வந்தா இழுபடுற சாமானைப் பாக்கணும். நான் இத்தினி நாளா அமுங்குறதையே பாத்துக்கினு இருந்தேன். ஷாக்கோட மேல் முனையைப் புடிக்கிற தகடு துருப்புடிச்சு விரிஞ்சுபோயிருக்குதுணா. வண்டி எழும்புறப்போ ஷாக் அதைக் கீழே இழுக்குது. போல்ட் ஓட்டைக்குள்ள எகிறி அடிக்குது. பின்னால ஆள் பாரம் இருந்தாத்தான் அப்படி எகிறும், அதான் காலியா ஓட்டினப்போ கேக்கல. நான் புது ஷாக்கைக் கொண்டுபோய் அதே ஓட்டையில மாட்டிட்டேன்."

"அப்போ புதுசு போட்டதும் ஜாஸ்தியாச்சுனு அவ சொன்னது?"

"நெசந்தான். பழசு செத்துப்போனது, இழுக்கத் தெம்பில்ல. புதுசு வலுவா இழுக்குது. அடியும் வலுவா விழுது. அந்தத் தகடு சரியா பெரிம்மா இடுப்புக்கு நேர் கீழே இருக்குது."

இராமலிங்கம் காரின் கூரைமேல் கையை ஊன்றியபடி நின்றார். மனசுல பயத்தை வெச்சுக்கினு பேசாத என்று தாம் சொன்னது நினைவுக்கு வந்தது. குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

"வேணாம். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

"இங்கிருந்து நேரா கொட்டகைக்குத் திரும்பிடலாம், பெரிம்மா. கிட்டதான்" என்றான் மாறன்.

"பாதியில திரும்பக்கூடாது. சுத்தி முடிச்சுட்டுப் போ."

"இன்னும் நிறைய தடை இருக்குது. வலிக்கும்."

"எப்போ வலிக்கும்னுதான் தெரிஞ்சுபோச்சே. மெதுவா ஏறு, மெதுவா எறங்கு."

மாறன் ஒவ்வொரு தடையிலும் காரைக் குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினான். ஒவ்வொன்றுக்கு முன்பும் இராமலிங்கம் கையைப் பின்னால் நீட்டினார். காசியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். குபேர லிங்கத்தைக் கடந்த பிறகு தடையில்லாத இடத்திலும் அவள் அதை விடவில்லை.

கொட்டகைக்கு வந்ததும் அவளைப் பக்கத்துத் தேநீர்க் கடையின் அகன்ற பெஞ்சில் படுக்கவைத்தார்கள். பின்னிருக்கையைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்தபோது துருவேறிய தகடு வெளியே தெரிந்தது. போல்ட் இருந்த துளை வட்டமாக இல்லை. வாய் பிளந்ததுபோல் நீண்டிருந்தது. மாறன் அதை வெட்டியெடுத்து, கனமான புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்தான். இராமலிங்கம் பொறி பறப்பதைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, மனைவியின் காலருகில் உட்கார்ந்திருந்தார். அவள் தலையைத் திருப்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து அது நன்றாகத் தெரிந்தது.

தகடு ஆறி, இருக்கையைத் திரும்ப மாட்டி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. வேங்கிக்காலுக்குப் போகிற வழியில் முதல் வேகத்தடை வந்தது. இராமலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார் ஏறியது, இறங்கியது, எழும்பியது. காத்திருந்தார்.

"இன்னா, ஒண்ணும் சொல்லலியே?" என்று கடைசியில் அவரே கேட்டார்.

"இருந்தாத்தானே சொல்ல" என்றாள்.

கீதாஞ்சலி வாசலுக்கே வந்துவிட்டாள். திட்டுவதற்கென்று வந்தவள், காசியம்மாள் கைத்தாங்கலில் இறங்குவதைக் கண்டதும் திட்டை ஒத்திவைத்தாள். கட்டிலில் படுக்கவைத்து, காலை மெல்லத் தூக்கி மடக்கினாள்.

"வலி எங்கம்மா இருக்குது இப்போ?"

"அவளுக்கு…" என்று தொடங்கிய இராமலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவளையே கேளும்மா."

"ஏன், நீங்களே சொல்லுங்க" என்றாள் காசியம்மாள். "இத்தினி நாளா நீங்கதான சொன்னீங்க."

"எனக்கு வலிக்கலியே."

காசியம்மாளின் உதட்டோரம் சற்றே அசைந்தது. அவள் கீதாஞ்சலியின் பக்கம் திரும்பினாள். "காலைத் தூக்கறப்போ வலியில்லம்மா. பின்னாடிதான் வலிக்குது."

கீதாஞ்சலியின் கை அவளுடைய முதுகுக்குப் போயிற்று. இராமலிங்கத்துக்கு நாக்கு அரித்தது. உதடுகளை இறுக மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். காசியம்மாள் அவரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, அவசரப்படாமல் சொன்னாள்.

"முதுகுல இல்லம்மா. அப்புறமானு சொல்றேன். காலை எறக்கி வெக்கறப்போ."

"அப்படியா? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்ற கீதாஞ்சலி, அவள் குதிகாலின் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். "அப்போ தூக்கறதுல வேலை இல்ல, எறக்கறதுலதான் வேலை. நான் புடிச்சுக்கறேன். மெதுவா எறக்குங்க."

கால் மெதுவாக இறங்கத் தொடங்கியது.