நாக்கில் ஒட்டிய எலும்பு

மசிலாவைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்ததற்குக் காரணம் அவருடைய நாக்கு. அது பொய் சொன்னதில்லை, புறம் பேசியதில்லை. மனைவி கலூகி வைத்த மொச்சைக் கூழைக் குறை சொன்னது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அதற்கான தண்டனையை அன்றைக்கே பட்டினி கிடந்து தீர்த்தாயிற்று. ஆனாலும் குற்றவாளி நாக்குதான்.

துர்க்கானா ஏரிக்கரையில் அருங்காட்சியகத்துக்காக முப்பத்தோரு வருடம் எலும்பு தேடியவர் மசிலா. அந்தப் பொட்டலில் காற்றடித்தால் கழுதை பறக்கும். வெயிலடித்தால் பல்லியே யாராவது குடை பிடிக்க மாட்டார்களா என்று பார்க்கும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் பத்துப் பேர் வரிசை கட்டி, தலையைக் குனிந்தபடி நடப்பார்கள். குனிந்தே நடந்து பழகிய மசிலா எதிரே வந்த ஒட்டகத்தின் மீது மூன்று தடவை முட்டியிருக்கிறார். அதே ஒட்டகத்தின் காலுக்கடியில் கிடந்த எலிப்பல் ஒருநாளும் அவருக்குத் தப்பியதில்லை.

கையில் எடுத்தது கல்லா, கல்லாகிப்போன எலும்பா என்று சந்தேகம் வந்தால் நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கல் என்றால் விழுந்துவிடும். எலும்பு என்றால், எத்தனை லட்சம் வருடம் மண்ணுக்குள் கிடந்திருந்தாலும், நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

ஓய்வு பெற்று ம்பூனி மலையிலிருக்கும் தன் ஊருக்கு வந்த பிறகு அவர் போன முதல் திருவிருந்தில்தான் அது நடந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பத் தட்டு வரிசையாக வந்தது. மசிலா ஒரு துண்டை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். நுனிநாக்கில் வைத்து, ஒட்டுகிறதா என்று காத்திருந்தார். முப்பத்தோரு வருடப் பழக்கம். கையும் நாக்கும் தாமே செய்துகொண்டன. மசிலா அப்போது முழு மனதோடு ஜெபத்தில்தான் இருந்தார்.

சபை மூப்பர் முலிங்கே அதைப் பார்த்துவிட்டார். முலிங்கேயும் மசிலாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பள்ளியில் யார் கணக்குப் புத்தகத்தை மறந்துவிட்டு வந்தாலும் ஆசிரியருக்கு முதலில் தெரிவித்தவர் முலிங்கே. அந்தத் திறமை வயதோடு வளர்ந்து, இப்போது அடுத்த மலையில் ஒருவன் கண்ணை மூடாமல் ஜெபித்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

விசாரணையில் மசிலா எதையும் மறைக்கவில்லை. மூப்பர்கள் தேநீர் கொடுத்துக் கேட்டார்கள். நம் தொழிலைப் பற்றிக் கேட்க ஊரில் ஐந்து பேராவது இருக்கிறார்களே என்ற சந்தோஷத்தில் அவர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"கல்லு விழுந்துரும், எலும்பு ஒட்டிக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்" என்றார்.

"என்ன எலும்பு?" என்றார் முலிங்கே.

"யானை, நீர்யானை, முதலை, பன்னி. ஒரு தடவ சின்னப் பிள்ளையோட தாடை."

"மனுசப் பிள்ளையா?"

"அப்படியே மனுசப் பிள்ளைன்னு சொல்லிர முடியாது. மனுசனாகப் போற வழியில இருந்த பிள்ளை. பதினாறு லட்சம் வருசம் ஆச்சு."

முலிங்கே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "குரங்கோட எலும்ப வச்ச நாக்குலயா கர்த்தரோட அப்பத்தையும் வச்சே?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து மசிலாவுக்குக் கடைசி பெஞ்சு.

நோவா தன் பேழைக்கு வேண்டாம் என்று கழித்துப்போட்ட மரத்தில் செய்திருக்க வேண்டும் அந்த பெஞ்சை. ஒரு கால் குட்டை. அதில் உட்காருகிறவர்கள் எல்லாரும் சபையின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்கள். இரண்டாவது பெண்டாட்டி கட்டியவன் வந்தான், ஆறு மாதத்தில் மனந்திரும்பி முன்னே போனான். குடித்துவிட்டு போதகரின் ஆட்டைத் தன் ஆடு என்று கட்டிப்பிடித்து அழுதவன் வந்தான், அவனும் போனான். மசிலா மட்டும் மூன்று வருடமாக அங்கேயே இருந்தார். வருகிறவர்களுக்கு ஆடாமல் உட்காரும் இடத்தைக் காட்டிக் கொடுப்பது அவர் பொறுப்பாகிவிட்டது.

அங்கிருந்து பார்த்தால் சபை முழுதும் பின்னந்தலைகள். இரண்டாம் வரிசையில் கலூகியின் நீலத் தலைத்துணி தெரியும், அதற்குக் கீழே இரண்டு விரல் அகலம் கழுத்து. உடைந்த பல் ஒன்றை வைத்து முழு மிருகத்தையே சொல்லிவிடுகிற மனிதர் அவர். அந்த இரண்டு விரல் அகலத்தை வைத்து, அவள் அழுகிறாளா, பிரசங்கம் சலிக்கிறதா, மொம்பாசாவில் இருக்கும் மகள் முமோவை நினைத்துக்கொள்கிறாளா என்று சொல்லிவிடுவார். அப்பத் தட்டு அவளிடம் வரும்போது கழுத்து லேசாகக் குனியும். அந்தக் குனிவுக்குப் பக்கத்தில் தானும் குனிந்து, அவள் கை தொட்ட தட்டைத் தானும் தொட வேண்டும். ஏரிக்கரைக் கூடாரத்தில் முப்பத்தோரு வருடம், வருடத்துக்கு எட்டு மாதம், அவர் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தான். ஊர் திரும்பிய பிறகும் நடுவில் பதினான்கு பெஞ்சு நின்றது.

இந்த நிலையில்தான் போதகர் கிமேயு வீட்டுக்கு வந்தார். மசிலாவின் மகளைவிட இளையவர், நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கத் தெரியாமல் எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் நோகடிப்பவர்.

"ஐயா, மூப்பருங்க ஒத்துக்கிட்டாங்க. வர்ற முதல் ஞாயித்துக்கிழம எந்திரிச்சு நின்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. நான் கண்டெடுத்தது பபூன் குரங்கோட எலும்புன்னு. அன்னைக்கே திருவிருந்து."

"பபூனோட தாடை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் பாஸ்டர்."

"தெரியும். அதனாலதான் நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காதவர் போல கிமேயு தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

கலூகி சோளத்திலிருந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சொல்லிருங்களேன், முமோ அப்பா."

"பொய்யாச்சே."

"நீங்க பொண்ணு கேட்டு வந்தப்ப, எங்க அண்ணன்கிட்ட உங்க வீட்டுல இருபது மாடு இருக்குன்னு சொன்னீங்க. வந்து பாத்தா ஏழு. அதுல ஒண்ணு கிடா."

"அது கல்யாணத்துக்குச் சொன்னது."

"இதுவும் அப்படித்தான்னு வச்சுக்கோங்க. மூணு வருசமா பக்கத்துல ஆளில்லாம அப்பம் வாங்குறேன். தொண்டையில நிக்குது."

அந்த வாரம் முழுதும் மசிலா ஒத்திகை பார்த்தார். மாட்டிடம் சொன்னார், மாமரத்திடம் சொன்னார், கழிப்பறைக் கதவிடம் சொன்னார். "நான் கண்டெடுத்தது பபூன்." மாடு நம்பியது. சனிக்கிழமைக்குள் அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டில் வெள்ளைச் சட்டை தேய்த்துத் தொங்கியது. கலூகி அதை மூன்று தடவை தேய்த்திருந்தாள். தொட்டால் கை வெட்டும்.

ஞாயிறு. கிமேயு அவர் பெயரைச் சொன்னார். மசிலா எழுந்தார், பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்தது. சபை மொத்தமும் திரும்பியது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அத்தனை பேரின் முகமும் ஒன்றாக அவருக்குத் தெரிந்தது. கலூகியின் முகமும். அவள் உதடு அசைந்தது. பபூன், பபூன் என்று எடுத்துக் கொடுத்தாள்.

"நான் கண்டெடுத்தது..." என்று தொடங்கினார் மசிலா.

கண்ணுக்கு முன்னால் அந்தத் தாடை வந்து நின்றது. உள்ளங்கையில் அடங்கும் துண்டு. தேய்ந்த பால் பல் ஒன்று. எலும்பு உடைந்த இடத்தில், அதற்குக் கீழே, முளைக்கக் காத்திருந்த பெரிய பல்.

"பால் பல்லு விழறதுக்குள்ள செத்துப்போன பிள்ளை" என்றார். "அதப் போய் எப்படிப் பபூன்னு சொல்றது? மண்ணெடுத்துக் கடவுள் மனுசனப் பண்ணாருன்னு நீங்க படிக்கிறீங்க. நானும் படிக்கிறேன். அந்த மண்ணுலதான் முப்பத்தோரு வருசம் முட்டி போட்டுக் கிடந்தேன். அவர் செஞ்சாரு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அவசரப்படாம செஞ்சாரு. எத்தன தடவ பிசைஞ்சிருக்காருன்னு என் கண்ணால பாத்தேன்."

சபையில் முணுமுணுப்பு கிளம்பியது. முலிங்கே எழுந்தார். "சரி. ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. அந்தப் பிள்ளைக்கு ஆத்துமா இருந்துதா?"

இருந்தது என்றால் குரங்குக்கு ஆத்துமா கொடுத்த பாவம். இல்லை என்றால் அது பபூன்தான். கணக்குப் புத்தக நாளிலிருந்தே முலிங்கே இப்படித்தான், வாசல் இரண்டையும் பூட்டிவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுவார்.

"தெரியாது முலிங்கே" என்றார் மசிலா. "நாக்குல வச்சேன், ஒட்டிக்கிச்சு. எடுக்க மனசு வரல. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு ஆடு வெட்டினாங்க, எல்லாரும் பாடினாங்க. நான் அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணேன்."

"என்னன்னு?"

"ஆண்டவரே, இது யாருன்னு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். கடைசி நாள்ல எங்களப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது இதையும் கூப்பிடும். பேரு இல்லன்னா ஒண்ணு வச்சுக் கூப்பிடும். அவ்வளவுதான்."

 அடுத்த கேள்வி முலிங்கேயிடம் நிச்சயம் இருந்திருக்கும். அவர் கேள்வி இல்லாமல் எழுகிற ஆள் இல்லை. ஆனால் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

கிமேயு வேதப் புத்தகத்தின் அட்டையைத் தடவினார். "நாங்க கேட்டது இது இல்லையே, ஐயா" என்றார் மெதுவாக. "உட்காருங்க."

தட்டு புறப்பட்டது. முதல் வரிசை முடிந்து இரண்டாம் வரிசைக்கு வந்தது. மசிலா பார்த்துக்கொண்டிருந்தார். நீலத் தலைத்துணி அசையவில்லை. கழுத்து குனியவில்லை. தட்டை வாங்கிய கை அதை அப்படியே அடுத்தவளிடம் நீட்டியது. பக்கத்திலிருந்தவள் தடுமாறி, எடுக்க மறந்துவிட்டாய் என்பதுபோல் தட்டைத் திரும்ப நீட்டினாள். கை மறுபடியும் அதைத் தள்ளிவிட்டது. அந்தக் கை திருவிருந்தைத் தவறவிட்டதாக அந்த மலையில் யாருக்கும் நினைவில்லை. பிரசவ வலி கண்ட அன்றைக்குக்கூட வாங்கிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனது.

இருவரும் செம்மண் பாதையில் வீட்டுக்கு நடந்தார்கள். யூக்கலிப்டஸ் தோப்பு தாண்டியதும் மசிலா கேட்டார்.

"நீ ஏன் வாங்கல?"

"தொண்டையில நிக்குதுன்னு சொன்னேன்ல."

"அடுத்த மாசம் வாங்கிக்கோ. என்னால நீ..."

"உங்க கிட்ட கேக்கல நான்." கொஞ்ச தூரம் நடந்தாள். "அந்தப் பிள்ளைக்கு ஒரு அம்மா இருந்திருப்பாள்ல?"

"இருந்திருப்பா."

"தேடினீங்களா?"

"தேடினோம். ரெண்டு வருசம் அந்தச் சரிவு முழுக்கச் சல்லடை போட்டோம். ஆமையோட்டுத் துண்டு கிடைச்சுது. மீன் முள்ளு கிடைச்சுது. அவ கிடைக்கல."

கலூகி நின்றுவிட்டாள். "அவளும் தேடியிருப்பா" என்றாள். பிறகு அவர் சட்டைக் காலரை, அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது, இழுத்துச் சரிசெய்துவிட்டு நடந்தாள்.

அவள் தட்டை வாங்குவாளா என்று தெரிய, அடுத்த முதல் ஞாயிற்றுக்கு இன்னும் இருபத்தெட்டு நாள். லட்சம் லட்சமாக வருடங்களைக் காலால் நடந்து கடந்தவருக்கு அந்த இருபத்தெட்டு நாள் மிக நீளமாகத் தெரிந்தது.