கொண்டையில் பட்ட கோல்

பிரஷாந்தினியின் குரல் ரேடியோவில் வந்தாலே எனக்கு வயிறு எரியும். இதை மூடி மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மாலையில் விளையாட்டுச் செய்தி என்று அவள் தொடங்கினால் போதும், எங்கள் லயத்தில் வரிசையாக உள்ள எல்லாக் காம்பிரா வீடுகளிலும் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். என் புருஷன் தங்கராஜா இன்னும் ஒரு படி மேலே. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவார்.

"நம்ம தோட்டத்துப் புள்ள பேசுது மீனா, கொஞ்சம் சும்மா இரு," என்பார்.

நான் சும்மாதான் இருப்பேன். சட்டியைக் கொஞ்சம் ஓங்கி வைப்பேன், அவ்வளவுதான்.

கொழும்பில் இருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலும் அவள் எழுதுகிறாள். விளையாட்டுப் பக்கத்தில் படத்தோடு வரும். படத்தில் கன்னத்தில் கை வைத்து எதையோ ஆழமாக யோசித்துக்கொண்டிருப்பாள். மைதானத்தில் அவள் யோசித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நாங்கள் இரண்டு பேரும் தெமோதரையில் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே வகுப்பு, ஒரே அணி. தொண்ணூற்று நான்காம் ஆண்டு உலகக் கிண்ணத்தை டிவியில் பார்த்துவிட்டுப் பித்துப் பிடித்து வந்த எங்கள் வாத்தியார் இராசையா சார், பொம்பளைப் பிள்ளைகளுக்கும் உதைபந்தாட்ட அணி வேண்டும் என்று கிளம்பினார். பதுளையில் மஞ்சள் துணி மலிவாகக் கிடைத்ததால் சட்டை மஞ்சளாகிவிட்டது. ஊர் எங்களை 'பிரேசில்' என்று கூப்பிட்டது. கேலியாகத்தான் தொடங்கினார்கள். பசறை அணியை அவர்கள் மைதானத்திலேயே வைத்து அடித்த பிறகு கேலி போய்ப் பேர் மட்டும் தங்கிவிட்டது.

பிரஷாந்தினிக்கு ஆடத் தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். வலது ஓரத்தில் அவள் ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் கோல் போட்டவள் நான். பந்து அவள் காலில் இருந்து வரும், என் காலில் இருந்து வலைக்குப் போகும். காய் நறுக்கிக் கொடுக்கிறவள் ஒருத்தி, சமைக்கிறவள் ஒருத்தி என்றால் பேர் யாருக்கு வரும் என்று நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஊரில் மட்டும் அது தலைகீழாக நடந்தது.

தொண்ணூற்றாறில் ஊவா மாகாணக் கிண்ணத்தின் இறுதிப் போட்டி பதுளையில் நடந்தது. எதிரணி மொனராகலை. வெயிலில் காய்ந்து வளர்ந்த பிள்ளைகள், நல்ல உயரம். ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது எங்களுக்கு ஒரு கோர்னர் கிடைத்தது. மூலைக் கொடியில் இருந்து உதைக்கப் பிரஷாந்தினி போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் யாரும் பந்தைத் தலையால் முட்டுவதில்லை. "தலையில பட்டு மூள கலங்கினா எவன் சார் கட்டுவான்?" என்று அம்மாமார் சாரிடம் சண்டைக்கே போனார்கள். சாரும் விட்டுவிட்டார். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். எல்லோரும் முடியை இறுக்கிக் கொண்டை போட வேண்டும், பின்னல் போட்டால் எதிரணிக்காரி பிடித்து இழுப்பாள் என்பார். எனக்கு இடுப்புக்குக் கீழே முடி. கொண்டை போட்டால் ஒரு தேங்காய் அளவு நிற்கும்.

பந்து உயரமாக வந்தது. நான் எகிறினேன். அம்மா பார்க்கவில்லை என்ற தைரியத்தில், முட்டத்தான் எகிறினேன். நெற்றியில் பட வேண்டியது கொண்டையில் பட்டது. பட்ட வேகத்தில் திசை மாறி, கோல் காப்பாளரைத் தாண்டி உள்ளே போனது. கொண்டை அவிழ்ந்து முடி முகமெல்லாம் கொட்ட, நான் தரையில் கிடந்தேன். முடியை விலக்கிப் பார்த்தால், என் அணி முழுவதும் மூலைக் கொடிக்கு ஓடிப்போய்ப் பிரஷாந்தினியைத் தூக்கிக்கொண்டிருந்தது.

கோர்னரில் இருந்து நேரே கோல்! ஊவாவிலேயே அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லையாம். நடுவரும் அவள் பேருக்கே கொடுத்துவிட்டார்.

"சார், என் கொண்டையில பட்டுச்சு சார்," என்றேன்.

"காத்துல திரும்பிச்சு புள்ள. நானே கண்ணால பார்த்தேன்," என்று இராசையா சார் சிரித்தார்.

தலையால் முட்டாத அணியில் கொண்டையால் கோல் என்றால் யார் நம்புவார்கள்? சனத்துக்கு அதிசயம் கிடைத்துவிட்டது. அதைப் பிடுங்க வந்தவளாக நான் நின்றேன். "கூட்டாளி கோல் போட்டா சந்தோசப்படணும்டி," என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார்கள்.

அன்றைக்குக் கொழும்பில் இருந்து ஒரு ரேடியோக்காரர் வந்திருந்தார். கோல் போட்டவளைத் தேடிப்போய் மைக்கை நீட்டினார். பிரஷாந்தினி மூச்சு விடாமல் பேசினாள். காற்று எந்தப் பக்கம் அடித்தது, எப்படிக் கணக்குப் பார்த்து உதைத்தாள் என்றெல்லாம் சொன்னாள். அவர் வாய் பிளந்து கேட்டுவிட்டு, கொழும்புக்கு வந்தால் தன்னைப் பார்க்கச் சொன்னார். போனாள். அங்கே ஒரு கழகத்துக்குக் கொஞ்சக் காலம் ஆடினாள். முழங்கால் கெட்டது. பிறகு மைக்கும் பேனாவும்தான் என்று ஆகிவிட்டது. எனக்கு மைக்கை நீட்டியிருந்தால் நான் பேசியிருப்பேனா என்று கேட்காதீர்கள். நீட்டவில்லையே. நான் கல்யாணம் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலை ஏறினேன்.

இரண்டாயிரத்து இரண்டில் உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்தபோது பிரஷாந்தினி தோட்டத்துக்கு வந்தாள். 'தெமோதரையின் பிரேசில்' என்று எங்கள் பழைய அணியைப் பற்றி ஒரு ரேடியோ நிகழ்ச்சி செய்யப் போகிறாளாம். வேனில் இருந்து ஜீன்ஸோடு இறங்கி, ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"மீனா! நீ அப்படியேதான்டி இருக்க!"

அப்படியே இருக்கிறேனாம். விரலில் கொழுந்துக் கறை, காலில் அட்டைக் கடி. அவள் மேல் நல்ல வாசனை வந்தது. அதற்கும் எனக்கு எரிந்தது.

அவள் வரப்போகிறாள் என்று தெரிந்த நாளில் இருந்து மலையில் நின்று நான் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்கக் கூடியிருக்க, அவள் மைக்கிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம். அந்த கோல் என்னுடையது என்று ஒரு தடவை ரேடியோவில் என் வாயால் வந்தால் போதும்.

மைதானத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். இராசையா சார் பேசினார், மற்றவர்கள் பேசினார்கள். என் முறை வந்தது.

"மீனாம்பாள், அன்றைய இறுதிப் போட்டியில் உங்களுக்கு எது ஞாபகம் இருக்கிறது?" என்று ரேடியோத் தமிழில் கேட்டாள்.

"அந்த கோல் நான் போட்டது. என் கொண்டையில பட்டுத்தான் உள்ள போச்சு," என்றேன். ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தங்கராஜா தலையில் கை வைத்துக்கொண்டார். பிரஷாந்தினி மட்டும் சிரிக்கவில்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

வேனில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இத்தன வருசமா ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"அன்னைக்கே கத்துனேன். நீ ஒசரத்துல இருந்த, ஒன் காதுல விழல."

அவள் வேன் கதவை இழுத்து மூடிக்கொண்டாள். இதை வெட்டி எறிந்துவிடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், வெட்டட்டும் என்றுதான் எனக்கு ஆசையாக இருந்தது. வெட்டினால் சாகும் வரைக்கும் அவளைத் திட்ட எனக்கு ஒரு காரணம் இருக்கும்.

பிரேசில் இறுதிப் போட்டியில் ஆடிய ஞாயிற்றுக்கிழமைதான் நிகழ்ச்சி வந்தது. தோட்டத்தில் டிவி இருந்தது அஸீஸ் நானாவின் தேத்தண்ணிக் கடையில் மட்டும்தான். போட்டி பார்க்கக் கூடிய சனம், அதற்கு முன்னால் ரேடியோவைச் சுற்றி நின்றது. இராசையா சார் பேசியது வந்தது. எல்லோரும் பேசியது வந்தது. என் பேச்சு வரவில்லை. நான் நினைத்தது சரியாகப் போய்விட்டது என்று எழும்பப் பார்த்தேன். அப்போது பிரஷாந்தினியின் குரல் தழுதழுத்தது.

"நேயர்களே, இன்று ஓர் உண்மையைச் சொல்லப் போகிறேன். என்னை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்த அந்த கோல் என்னுடையது அல்ல. அது என் தோழி மீனாம்பாளுடையது. பந்து அவள் கொண்டையில் பட்டுத் திரும்பியதை மூலையில் நின்ற நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். இத்தனை ஆண்டுகள் கழித்து அந்த கோலை அவளிடமே ஒப்படைக்கிறேன்."

கடை முழுக்க ஒரே கைதட்டல். ஒருத்தராவது என் பக்கம் திரும்பிப் பார்த்துத் தட்டினார்களா என்று தேடினேன். எல்லோரும் ரேடியோவைப் பார்த்துத்தான் தட்டினார்கள்.

"என்னா மனசு! இந்தக் காலத்துல யாரு இப்பிடிச் சொல்லுவா?" என்றார் தங்கராஜா. அவர் கண் கலங்கியிருந்தது. எங்கள் கல்யாணத்தில்கூட அது கலங்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே ஒரு சந்தேகம்தான்," என்று இராசையா சார் மூக்கைச் சிந்தினார். "தங்கமான புள்ள அது. நான் வளத்த புள்ள."

"அது என் கோல் சார்," என்றேன்.

"ஆமா புள்ள, அதத்தான் அது ஒனக்குக் குடுத்துருச்சே!"

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவன் கதையைக் கேட்டிருக்கிறேன். என் வீட்டுத் தேங்காயை எனக்கே உடைத்து, அதற்கும் புண்ணியம் வாங்கியவளை அன்றுதான் பார்த்தேன். நான் மலையில் சொல்லிச் சொல்லி வைத்திருந்த வாக்கியத்தையும் அவளே சொல்லிவிட்டாள். என்னைவிட நன்றாகவும் சொல்லிவிட்டாள்.

"ஒரு போன் போட்டு நன்றி சொல்லு மீனா," என்றார் தங்கராஜா. "ஆமா, சொல்லு, சொல்லு," என்று ஆளுக்கு ஆள் தொடங்கினார்கள். மாட்டேன் என்றால் பொறாமை பிடித்தவள் என்பார்கள். வேனில் வந்த அன்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நம்பரைக் கடைப் போனில் சுழற்றி, அஸீஸ் நானா என் கையில் கொடுத்தார். கடை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"பிரஷா, மீனா பேசுறேன்," என்றேன். "நன்றி."

"எதுக்குடி நன்றி? அது ஒன் கோல்தானே," என்றாள் அவள். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய்யாக அழுதிருந்தால் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பேன்.

போனை வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்தேன். அஸீஸ் நானா இரண்டு கையாலும் தடுத்தார்.

"வேணாம் தங்கச்சி. பிரஷாந்தினி புள்ளகிட்ட பேசுனதுக்குக் காசு வாங்குவேனா? இன்னைக்கு அதுக்காக எல்லாம் சும்மா."

நான் காசை மேசையில் ஓங்கி அறைந்தேன். டிவிக்கு முன்னால் இடம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எண்ணி எடுங்க நானா," என்றேன். "பேசுனது நான்."