காருக்குள் மாவடு

மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஸ்ரீரங்கன், மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் மச்சினன்மாரை உட்காரவைத்து, தன் மேலாளர் சயீத்தைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"'ரங்கா, நல்ல மனுஷன் நீ. எப்போ எங்க வழிக்கு வரப்போறே?' தினம் டீ வந்தா இந்தக் கேள்வியும் கூடவே வந்துடும்டா!"

கூடம் அதிர்ந்தது. அப்பா ராகவேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் அந்த ஊரில் காலம் தள்ளியவர்தான். அவரையும் அதே கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. "எனக்கு என் பெருமாள் போதும்" என்று நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு முகத்துக்கு நேரே சொல்வார். கேட்டவர் தோளைத் தட்டிவிட்டுக் காப்பி ஊற்றிக் கொடுப்பார். மறுநாள் மறுபடியும் கேட்பார். அதில் யாருக்கும் மானம் போனதில்லை.

"நீங்க என்ன சொன்னேள் அத்திம்பேர்?" என்றான் ஒருவன்.

"இந்த வருஷம் உங்களோட நோன்பு இருந்து பாக்கறேன்னேன். ஆள் உருகிட்டார்! ரம்ஜான்ல நோன்பு இருக்கறவாளுக்கு வேலை நேரம் குறைச்சல். எனக்கும் குறைச்சுட்டார். நான் பேஸ்மெண்ட்ல கார் ஏசியைப் போட்டுண்டு தயிர்சாதம், மாவடு. சாயங்காலம் நோன்பு திறக்கறச்சே அவர் பக்கத்துல முதல் இடம்!"

ராகவேந்திரன் அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தார். பட்டினி கிடந்தவர்கள் நடுவே வயிறு நிறைந்தவன் ஒருவன் முகத்தை வாட வைத்துக்கொண்டு பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டியிருக்கிறான். அவன் தன் பிள்ளை.

அழைப்பு மணி அடித்தது. ஸ்ரீரங்கனின் அலுவலகக் கணக்காளர் கலீமுல்லா, ராயப்பேட்டைக்காரர். அவரும் விடுமுறையில் வந்திருந்தார். பெரிய பேரீச்சை டப்பாவை ராகவேந்திரனிடம் நீட்டினார்.

"சயீத் சார் குடுத்தாரு. நோன்பு வெச்ச புள்ளையப் பெத்தவருக்குன்னு சொல்லச் சொன்னாரு. ரங்கன் பேரைச் சொல்லி டெய்லி துவா பண்றாரு சார்."

ராகவேந்திரன் அதை வாங்கவில்லை. "இவன் ஒரு நாள்கூட நோன்பு இருக்கலை."

கலீமுல்லா தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் சார். காரு பூரா மாவடு வாசனை. நம்ம ஊரு ஆளு, இன்னா பண்றது? வாய மூடிக்கினு இருந்தேன்."

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது ராகவேந்திரனுக்கு.

"சயீத்தைக் கூப்பிடுடா. பண்ணினதைச் சொல்லு."

"வேலை போயிடும்ப்பா. சும்மா தமாஷுக்கு..."

"போகட்டும்."

ஸ்ரீரங்கன் அசையவில்லை. ராகவேந்திரன் கலீமுல்லாவின் போனிலிருந்தே அழைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். மஸ்கட்டில் பழகிய இந்தியில் நறுக்கென்று சொன்னார்: "ரங்கனின் அப்பா பேசுகிறேன். அவன் நோன்பு இருக்கவில்லை. உங்களை ஏமாற்றினான். டப்பா திரும்பி வரும்."

எதிர்முனையிலிருந்து ஒரே கேள்வி: "இதை அவன் சொல்லச் சொன்னானா?"

ஆமாம் என்றால் வேலை தப்பலாம். ஸ்ரீரங்கனின் கண்கள் கெஞ்சின.

"இல்லை" என்றார்.

போன் துண்டிக்கப்பட்டது. டப்பாவைக் கலீமுல்லாவின் பையில் தானே வைத்து, லிஃப்ட் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்தபோது மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இவன் பக்கத்துல எனக்கு இலை போடாதே" என்று அறைக்குள் போய்விட்டார்.